ஒற்றை விளக்கை நம்பாத காசிம் பாய்

காசிம் பாய் காலமாகிவிட்டார் என்று என் தங்கை மகன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

"யாருடா சொன்னது?"

"பள்ளிவாசல்ல சொன்னாக மாமா."

"பள்ளிவாசல்ல யாரு?"

"மாமா, நான் மொகத்தப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

அப்புறந்தான் செருப்பைத் தேடினேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவன் எதையும் இரண்டு தடவையாவது சந்தேகப்பட வேண்டும். நான் மூன்று தடவை சந்தேகப்படுவேன். அதனால்தான் இந்த நிலைக்கு வந்தேன்.

ஜீப்பு ஓட்டுநர்கள் போடும் இந்த நினைவு மலருக்கு எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் கலெக்டராகி, உங்கள் கைக்குக் கிடைக்காமல் போயிருப்பேன்.

எழுபதுகளில் நான் ஜீப்பு வாங்கியபோது, மலையிலிருந்து லோடு இறக்க காசிம் பாயை வைத்துக்கொண்டேன். ஜீப்புக்கு மதுரையிலிருந்து புது லைட்டு வாங்கி மாட்டினேன். மலை மேட்டில் நின்று போட்டால் கீழே தேவாரம் ஊரில் சேவல் கூவும், அப்படி வெளிச்சம். மறுநாள் பார்த்தால் இரண்டு லைட்டிலும் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்டு அடித்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "எதுக்க வர்றவன் கண்ணு கூசுதுண்ணே" என்றார். என் காசில் வாங்கிய வெளிச்சத்தில் ஊரான் கண்ணைப் பற்றி இவருக்கு என்ன கவலை? சந்தேகம் அன்றைக்கே விழுந்தது.

பிறகு டீக்கடைக்காரர் ஒரு செய்தி சொன்னார். "ஒம்ம ஜீப்பு ஒவ்வொரு வளைவுலயும் வெளிச்சத்தத் தாழ்த்தித் தாழ்த்திப் போடுதாமே. யாருக்கோ சாடை காட்டுறாப்புல இருக்கு." வந்த மூடைகளை எல்லாம் எடை போட்டேன். ஒரு குண்டுமணி குறையவில்லை. திருடுகிறவன் எடையைச் சரியாக வைக்கிறான் என்றால் பெரிய கைகாரன்தானே. சந்தேகம் இன்னும் கூடியது. கடைவீதியில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

ஒருநாள் பொழுது சாய, மேட்டில் லோடு ஏற்றும்போது யாருக்கும் தெரியாமல் படுதாவுக்குள் புகுந்து மூடைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறி இரண்டு தும்மல். ஜீப்பு இறங்கியது. நன்றாக இருட்டிய பிறகு, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், படுதா இடுக்கில் தெரிந்த வெளிச்சம் சட்டென்று தணிந்தது. பாய்ந்து எழுந்து அவர் காலரைப் பிடித்தேன்.

"யாருக்குய்யா சாடை காட்டுற?"

அவர் திரும்பவே இல்லை. "கைய எடுங்கண்ணே. அந்தப் பாறையப் பாருங்க."

வளைவுக்கு அந்தப் பக்கத்துப் பாறையில் மஞ்சளாக ஒரு மினுக்கம் நகர்ந்தது. எங்கள் வெளிச்சம் முழுசாக இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. காசிம் பாய் ஜீப்பை மலையோடு ஒட்டி நிறுத்தினார். ஒற்றை விளக்கு ஒன்று வளைவில் ஏறி வந்தது.

"மோட்டார் சைக்கிளுய்யா. நீ போ" என்றேன்.

"ஒத்த லைட்டு. எனக்குச் சந்தேகந்தாண்ணே."

வந்தது அரிசி லாரி. லாரியில் எங்கள் பக்கமாக இருந்த விளக்குத்தான் அவிந்துபோயிருந்தது. இருட்டாக இருந்த பாதி எங்களை உரசுகிற மாதிரி கடந்தது. நான் சொன்னபடி போயிருந்தால் அந்தப் பாதியில்தான் மோதியிருப்போம். இன்னொரு பக்கம் பள்ளம்.

ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே அவர் சொன்னார். "ரெண்டு பேரும் முழு வெளிச்சத்தப் போட்டா ரெண்டு பேருமே குருடுண்ணே. அவனுக்கு ரோடு தெரிஞ்சாத்தான் நாம வீடு போயிச் சேரலாம்."

"நான் ஏறுனது ஒனக்குத் தெரியுமா?"

"தும்முனப்பவே தெரியும். எறங்கச் சொன்னா லோடுமேன்க முன்னாடி ஒங்களுக்கு அசிங்கமா இருக்கும்ல."

மறுநாள் டீக்கடையில் நான் சொன்ன கதை வேறு. முன்சீட்டில் உட்கார்ந்து லாரியைப் பார்த்தது நான், டிம் அடிக்கச் சொன்னது நான். அடுத்த வருடம் என் கதையில் லாரிக்குப் பின்னால் ஒரு யானையும் வந்தது. காசிம் பாய் டீக் கிளாசோடு பக்கத்தில் நின்று, "அண்ணன் இல்லாட்டி நான் ஏது" என்பார். ஆனால் நான் கடைவீதியில் போட்டு வைத்த சந்தேகம் அப்படியே கிடந்தது. இரண்டு வியாபாரிகள் கடைசி வரை அவரை நம்பி ஒரு மூடை ஏற்றவில்லை. அதைத் துடைக்க வேண்டுமானால், நான் மூடைகளுக்குள் கிடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

அவர் காலமாவதற்கு முந்தின வாரம் பார்க்கப் போயிருந்தேன். ரோட்டோரத்து ஜன்னல் அருகே கட்டிலில் கிடந்தார். பேச்சு இல்லை. ராசிங்காபுரம் பஸ்சு திரும்பும்போது அதன் வெளிச்சம் சுவரில் ஓடியது. அவருடைய இடது கால் பெருவிரல் கட்டில் சட்டத்தை ஒரு அழுத்து அழுத்தியது. ஜீப்பில் வெளிச்சத்தைத் தாழ்த்தும் டிம் சுவிட்சு அந்தக் காலுக்குக் கீழேதான் இருக்கும். பஸ்சு போனதும் விரல் விட்டுவிட்டது. கடைவீதியில் அந்தச் சந்தேகத்தைப் போட்டது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அந்த விரலைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

இந்தத் தடவை யானை கிடையாது பாய். லாரியைப் பார்த்தது நீங்கள். நான் மூடைகளுக்குள் கிடந்தேன். அந்த இரண்டு வியாபாரிகளும் இந்த மலரை வாங்கிப் படிப்பார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.