எட்டா, நாலா

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவளைச் சக்கரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். ஒருவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிவிடுவாள். ஆணி அடித்துதான் உன் காலை நிறுத்த வேண்டும் என்று கல்லாவில் உட்காரும் அண்ணி கேலி செய்வாள்.

அன்று காலை கூட்டம் நெரிந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் பெண் ஒருத்தி, காதுவலியில் சிணுங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வேளைக்கு இருநூறு மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தார். அது எத்தனை மில்லி என்று கடையில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கடையில் வழக்கமாகக் கொடுக்கும் சிரப்பில் ஒரு மில்லிக்கு இருபத்தைந்து மில்லிகிராம். இருபத்தைந்தை எதால் பெருக்கினால் இருநூறு வரும்? இருநூறை இருபத்தைந்தால் வகுத்தாள். எட்டு. லேபிளில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

மதியம் அலமாரியைத் துடைக்கும்போது கை அப்படியே நின்றது. அந்தச் சிரப்பின் பழைய பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே புதுச் சரக்கு. பார்க்க ஒரே மாதிரி. வீரியம் மட்டும் இரட்டிப்பு, மில்லிக்கு ஐம்பது. ஐம்பதை எட்டால் பெருக்கினாள். நானூறு.

"அண்ணி, அந்தச் சீருடை தைக்கிறவங்க வீடு எங்க?"

"சலவைக்கடை மாடியில. ஏன்?"

போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு ஓடினாள். பழைய பாட்டிலைக் கொடுத்திருந்தால் எட்டு சரி. புதியது என்றால் நாலுதான். எதை எடுத்தோம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சிக்னலில் நின்ற வண்டிகளுக்கு நடுவே புகுந்து போனாள். யாரோ திட்டினார்கள்.

மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை கட்டிலில் தூங்கியது. எழுந்ததும் கொடுக்கலாம் என்று அம்மா மருந்தை மேஜைமேல் வைத்திருந்தாள். சக்கரக்கா எடுத்துப் பார்த்தாள். ஐம்பது. மூடி திறக்கவில்லை.

"தப்பா எழுதிட்டேங்க. நாலு மில்லிதான்."

அம்மாவின் முகம் இறுகியது. "காலையில எட்டுன்னீங்க. இப்ப நாலுங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். ஐம்பதை நாலால நீங்களே பெருக்கிப் பாருங்க. டாக்டர் எழுதின இருநூறு வரணும்."

துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, வெட்டி மிஞ்சிய நீலத் துணியில் அம்மா பெருக்கினாள். பாட்டிலைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். இருந்தாலும் டாக்டரையும் கேட்டுக்கொள்கிறேன் என்று போனை எடுத்தாள். மறுமுனையில் யாரும் எடுக்கும் வழியாக இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்த சக்கரக்காவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்டரே பேசினார். நாலு என்றார். அம்மா குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்கும்வரை சக்கரக்கா கிளம்பவில்லை. வாசல்வரை வந்த அம்மா, "ஓடி வந்தீங்களே, அதுவரைக்கும் சரி," என்றாள்.

கடைக்குத் திரும்பியவள் அன்றைய சீட்டுகளின் நகல்களை எல்லாம் கல்லாமேல் பரப்பினாள். ஒவ்வொரு விடையையும் திரும்பப் பெருக்கினாள். அண்ணியும் பாதியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு எதிலும் தப்பு இல்லை. ஆனாலும் முதல் சீட்டிலிருந்து இன்னொரு முறை ஆரம்பித்தாள்.