அண்ணன் எழுதிய அடி

என் அண்ணன் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதியவர். சென்னையில் அவர் இறந்து ஒரு வருடமானதும், எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தார் நினைவு விழா எடுத்தார்கள். வாவிக்கரை வீதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். பொழுது சாயும்போது மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி, அவர் எழுதியவற்றில் பேர்போன படத்தைப் போட்டார்கள். தங்கை என்பதால் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். பக்கத்தில் என் கணவர், தோளில் அவர்கள் போர்த்திய பொன்னாடையோடு.

நான் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. "உன்ர அண்ணன்ட பொய்யெல்லாம் என்ர வீட்டில ஓடப்படாது" என்பார் கணவர். அன்றைக்கு வந்ததுகூடப் பொன்னாடைக்காகத்தான்.

படத்தில் வாவிக்கரையில் ஒரு வீடு. குடித்துவிட்டு வந்தவன் துடுப்பை எடுத்து மனைவியை அடிக்கிறான். முதுகில், தோளில், தலையை மறைத்த கையில். அவள் கத்துகிறாள்: "தலையில மட்டும் அடிக்காதீங்க, புள்ளைக்குப் பால் குடுக்கணும்!"

அது நான் சொன்னது. மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது, சோறு ஆறிப்போனதற்காக வாங்கிய அடி. அன்று அறைந்ததில் இடது காது இன்றுவரை கேட்பதில்லை. இந்தியாவுக்குப் போகப் பயணம் சொல்ல வந்த அண்ணன் முற்றத்தில் நின்றதை ஜன்னல் இடைவெளியில் கண்டேன். "அண்ணன்!" என்று கூப்பிட்டேன். சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு போய்விட்டார். பக்கத்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

திரையில் அப்படி நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் கதவை உதைத்துத் திறந்தான். துடுப்பைப் பறித்துப் புருஷனை அடித்தான். மைதானம் முழுக்க விசில்.

"குடு! இன்னும் ரெண்டு குடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவன் சிரித்தான். "மச்சானுக்கெண்டே எழுதியிருக்கான்டா."

கணவர் எழும்பினார். இருந்த கதிரையைத் தூக்கி வீசினார். அது படம் காட்டும் இயந்திரத்தில் விழுந்து, இயக்கிக்கொண்டிருந்த பொடியனின் நெற்றியைப் பிளந்தது. அவ்வளவுதான். இளைஞர்கள் பாய்ந்துவிட்டார்கள். ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார்கள். விழுந்தவரின் கையைச் சப்பாத்துக் காலால் மிதித்தார்கள். விரல்கள் முறிந்த சத்தம் என் நல்ல காதில் விழுந்தது. நான் எழும்பவில்லை. ஒவ்வோர் அடியும் எனக்கு இனித்தது.

ஒருவன் வேலிக் கட்டையைப் பிடுங்கி அவர் தலைக்கு மேல் ஓங்கியபோதுதான் எழும்பினேன். குறுக்கே பாய்ந்தேன். "தலையில அடிக்காதீங்கடா!" கட்டை என் தோளில் விழுந்தது. அடித்தவன் பயந்து பின்வாங்கினான். அறிவிப்பாளரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"அந்த அடி வாங்கின பொம்புள நான்தான். அடிச்சவர் இவர்தான். ஆனா என்ர அண்ணன் கதவ உடைச்சிட்டு வரல்ல. முற்றத்தில நிண்டு பார்த்திட்டுப் போனவர். நீங்களும் வரல்ல. அண்டைக்கு ரேடியோவக் கூட்டினவங்க இஞ்சதான் இருக்காங்க. இப்ப என்னத்துக்கு இந்த வீரம்?"

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

கழகத் தலைவர் ஓட்டோ பிடித்து எங்களை ஏற்றி, தானும் முன்னால் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கணவர் நல்ல கையால் என் கொண்டையைப் பிடித்தார். "ஊர் முன்னால என்ன நாறடிச்சிட்டியேடி!" முகத்தை ஓட்டோக் கம்பியில் மோதினார். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. முறிந்த அவருடைய விரல்களைப் பற்றி, என் பலம் முழுவதையும் கொண்டு நெரித்தேன். அலறினார். கொண்டையை விடும்வரை நானும் விடவில்லை.

"இனித் தொட்டுப் பாருங்க" என்றேன்.

தலைவர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். "அம்மா, நீங்க இறங்குங்க. இவர நான் கொண்டு போறன்."

இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறி வெல்லாவெளியில் இருக்கும் மகளிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். "நீங்க இனி அங்க போகத் தேவயில்ல அம்மா" என்றாள். மறுநாள் பொலிசுக்கும் அவளே கூட்டிப்போனாள்.

கணவர் இப்போது தன் தம்பி வீட்டில் இருக்கிறார். என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் போகவில்லை.

ஊரில் அண்ணனின் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று என்மேல் கோபம். போன கிழமை சந்தையில் ஒரு பழைய அயலவள் கேட்டேவிட்டாள்.

"செத்த மனிசன ஏன்கா சந்திக்கு இழுத்த?"

"உசிரோட இருக்கக்குள்ள கூப்பிட்டன்," என்றேன். "வரல்லயே."