கோடு போட்டு மூடிய கணக்குகள்

நான் படித்த பள்ளிகளிலேயே மிகச் சிறியது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டின் கூடத்தில் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாக நடந்தது. மாணவி நான் ஒருத்தி, ஆசிரியை அம்மா. தலைமை ஆசிரியர், ஆய்வாளர் ஆகிய பொறுப்புகளை அப்பாவும் புவனகிரியிலிருந்த அவருடைய அக்காவும், அதாவது என் அத்தையும், யாரும் கேளாமலே ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முன் நானும் எல்லாப் பிள்ளைகளையும் போலச் சீருடை அணிந்து பள்ளிக்குப் போனவள்தான். என் குறை ஒன்றே ஒன்று: மெதுவாக எழுதுவேன். கரும்பலகையில் இருப்பதை நான் பாதி எழுதுவதற்குள் அதை அழித்துவிடுவார்கள். சுனாமி வந்து ஓராண்டு ஆகியிருந்த அரையாண்டு விடுமுறையில், அம்மா என் ஆறாம் வகுப்பு நோட்டுகளை வரிசையாகப் பிரித்துப் பார்த்தாள். எல்லாப் பக்கங்களும் நடுவிலேயே நின்றிருந்தன. அவள் திட்டவில்லை, ஒவ்வொரு நோட்டையும் கடைசிவரை புரட்டிவிட்டு அடுக்கி வைத்தாள். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எதையும் நிபந்தனையோடு அனுமதிப்பது அவர் தொழில் தந்த பழக்கம். “எட்டாவது பரீட்சைய பிரைவேட்டா எழுதட்டும். பாஸாயிட்டா உன் இஷ்டம். இல்லன்னா புவனகிரியில அக்கா வூட்டுல வுட்டு, அங்க ஸ்கூல்ல சேத்துடுவேன்” என்றார். அம்மா சரி என்றாள். அத்தை வீட்டில் நாள் முழுக்க அறிவுரை கிடைக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும்.

எங்கள் பள்ளியில் மணி அடிப்பதில்லை, பலகையும் அழிவதில்லை. தொடங்கிய பாடம் முடியும்வரை தொடர்ந்தது. கணக்குக்கு மட்டும் அம்மா ஒரு விதி வைத்திருந்தாள். “வராத கணக்க இழுத்துப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காத. கீழ ஒரு கோடு போடு, ‘நாளை’ன்னு எழுது, நோட்ட மூடு. காலையில வந்துரும்.” உண்மையிலேயே வந்தது. மறுநாள் காலை அம்மா அந்தக் கணக்கைத் திறந்து, முடிச்சு எங்கே இருக்கிறது என்று ஒரே வரியில் காட்டிவிடுவாள். தூங்கி எழுந்தால் கணக்கு கனிந்துவிடும் என்றே நான் நம்பினேன்.

பதின்மூன்று வயதில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போனேன். எனக்கு ஒதுக்கிய மையம் சிதம்பரத்தில் ஒரு பள்ளி. தினமும் விடியற்காலைப் பேருந்தில் அம்மா என்னை அழைத்துச் சென்று, வாசலில் காத்திருந்து திரும்ப அழைத்து வருவாள். அறைக்குள் பெரும்பாலும் மீசை வைத்தவர்கள். கனரக வண்டி ஓட்டும் உரிமத்துக்கு எட்டாவது தேர்ச்சி வேண்டும் என்பதால் வந்திருந்த ஓட்டுநர்கள். தமிழும் ஆங்கிலமும் குறையின்றி முடிந்தன. மூன்றாம் நாள் கணக்கு. வந்த கணக்குகளை எல்லாம் நிதானமாகப் போட்டேன். வராத ஏழு கணக்குகளுக்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் ‘நாளை’ என்று எழுதினேன். பிறகு எழுந்து நின்றேன்.

பக்கத்து இருக்கை ஓட்டுநர் பதறிப்போனார். “இன்னா பாப்பா, அதுக்குள்ள எந்திரிச்சிட்ட? உக்காரு, இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு!”

“முடிச்சிட்டேண்ணா.”

“நான் பேரே இப்பதான் எழுதி முடிச்சேன். நீ ஜாஸ்தி படிச்ச புள்ள போல” என்றார் மரியாதையோடு.

அந்த மரியாதை வாசல் வரைதான் நீடித்தது. “எல்லாம் எழுதிட்டியா?” என்று கேட்ட அம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன்: “ஏழே ஏழுதாம்மா வரல. அதுக்குக் கோடு போட்டு நாளைன்னு எழுதிட்டேன்.”

அம்மாவின் முகம் வெளிறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்காவலரிடம் ஓடினாள். “சார், புள்ள தெரியாம எந்திரிச்சி வந்துடுச்சி. உள்ள வுடுங்க சார், இன்னும் நேரம் இருக்குல்ல?”

“பேப்பரக் குடுத்தா குடுத்ததுதாம்மா. நீ கலெக்டரையே கூட்டியாந்தாலும் நடக்காது.”

அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். பின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா, நாளைக்கு அறிவியல் இருக்கு” என்றாள். மறுநாள் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டி, கடைசி மணி அடிக்கும்வரை இருக்கையை விட்டு எழக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

முடிவு வந்தபோது நான்கு பாடங்களில் தேறியிருந்தேன், கணக்கில் இல்லை. அந்த ஞாயிறே அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினாள். “நான் அன்னிக்கே சொன்னேன். பரீட்சப் பேப்பருல நாளைக்கு வரேன்னு எழுதி வச்சிட்டு வர்றதுக்கு அது இன்னா கல்யாண வூடா?” என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்பா அத்தையைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார். “ஜூன்ல புவனகிரி. பேசுனது பேசுனதுதான்.”

“தப்பு அவளோடது இல்லீங்க. என்னோடது” என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. “இன்னும் ஒரு தடவ எழுதட்டும். இந்தத் தடவ நானும் கூட உக்காந்து படிக்கிறேன்.”

“நீயும் எட்டாவது எழுதப் போறியா? தம்பி, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சிலேட்டு வாங்கிக் குடு” என்றாள் அத்தை.

“வாங்கிக் குடுத்தா எழுதுறேன் அண்ணி.”

அப்பா ஒரு பழத்தை உரித்தார், தின்றும் முடித்தார். “இன்னும் ஒரே ஒரு தடவ” என்றார். பிள்ளையின் தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொள்வது எல்லா அம்மாக்களும் செய்வதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தேர்வில் கணக்கிலும் தேறிவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முன் வந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அப்பாவுடன் வேலை பார்த்தவரின் தங்கை சிதம்பரத்தில் தனித்தேர்வர்களுக்கு மட்டும் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர். அம்மா அவரை ‘மிஸ்’ என்றே அழைத்தாள். சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் போய், ஓட்டுநர்களும் தையற்கடைப் பெண்களும் நிறைந்த அந்த மாடி அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா துணைக்கு வருகிறாள் என்பது என் எண்ணம்.

அன்று மிஸ் பலகையில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எழுதிவிட்டு, “நீங்க வாங்கம்மா. வூட்டுல சொல்லிக் குடுக்கப் போறவுங்க நீங்கதான?” என்றார்.

அம்மா சாக்குக்கட்டியை வாங்கி இரண்டு வரி எழுதினாள். மூன்றாம் வரியில் நின்றுவிட்டாள். எனக்கு விடை தெரிந்துவிட்டது. முன்பெஞ்சிலிருந்து மெல்லச் சொன்னேன். அவள் காதில் விழுந்தது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் திரும்பவில்லை.

“தெரியல மிஸ். இந்த எடத்துலருந்து திரும்பச் சொல்லுங்க.”

மிஸ் சொன்னார். “இன்னும் வெளங்கல மிஸ்” என்றாள் அம்மா. பின்னால் யாரோ சிரித்தார்கள். “மூணாவது தடவையாம்மா?” “ஆமாம் மிஸ்.” என் காதுமடல்கள் எரிந்தன.

பேருந்துக்கு நிற்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டேன். “நான்தான் விடைய சொன்னேன் இல்ல? அதயே எழுதிட்டு வந்து உக்காந்திருக்கலாம் இல்ல?”

“அது உனக்கு வந்த கணக்கு. எனக்கு வரணும் இல்ல?”

பேருந்தில் நான் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நான்கு வரிசை முன்னால், அவளை அறியாதவள் போல ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுகாலம் கழித்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, வேறு எதையோ பேசும்போது அம்மா போகிறபோக்கில் சொன்னாள்: நாங்கள் கோடு போட்டு மூடிய கணக்குகள் அத்தனையும் அவளுக்கும் வராதவை. அவள் படித்தது பத்தாவது வரை; அதிலும் கணக்கு அவளுக்கு என்றும் பிடிபட்டதில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போகும்போது அவற்றை ஒரு தாளில் எழுதி மடித்துக்கொண்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருந்த கணிதப் பட்டதாரிப் பெண்ணிடம் கேட்டு வந்து, காலையில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதை ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை, அந்தச் சனிக்கிழமை வரை.

அன்றைய பேருந்து புதுச்சத்திரம் தாண்டி வெகுதூரம் வந்த பிறகே நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா மடியில் நோட்டை விரித்து, வண்டியின் ஆட்டத்தில் எழுத்துகள் கோண, அதே கணக்கை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் ஒரு ரகசியம் போலச் சொன்னேன்: “அம்மா கணக்குல ரொம்ப வீக்குப்பா.”

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படியில் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.