அண்ணனின் கடிதத்தில் ஒம்சோர்க்

2024 ஜூன் 11, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் இரண்டு வாளி அள்ளி ரோசாச் செடிகளுக்கு ஊற்றினேன். ஏழே முக்காலுக்குச் சைக்கிளில் கந்தோருக்கு வேலைக்குப் போய், நாலரைக்குப் பேசாலை வீட்டுக்குத் திரும்பினேன்.

நோர்வேயிலிருந்து அண்ணனின் மகள் ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். கீழே, ‘அப்பாவுக்குச் சுகமில்லை சித்தப்பா, பயப்பட வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள்.

பயம் அதைப் படித்த பிறகுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் சாவைத் தொலைபேசியில் நேரே சொல்ல மாட்டோம். முதலில் வருத்தம், அதாவது நோய் என்போம், பிறகு கடுமை, மூன்றாவது அழைப்பில்தான் உண்மை. எங்களைப் பெற்ற ஐயா இறந்தபோது, ‘ஐயாவுக்குக் கொஞ்சம் ஏலாது’ என்று அண்ணனுக்குச் சொன்னவன் நான். அப்போது ஐயாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம்.

கடிதம் அவர்களுடைய நகரசபையிலிருந்து வந்தது. ஒரு சொல் நாலு இடத்தில் இருந்தது: ஒம்சோர்க். இணைய அகராதியில் தேடினேன். நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்று நாட்டாரும் அதை ஒரே மாதிரி எழுதுகிறார்கள். ‘சோர்க்’ என்றால் துயரம். அதோடு நிறுத்தாமல் முன்பாதியையும் தேடினேன். ‘ஒம்’ என்றால் சுற்றி, பற்றி. சேர்த்தால், ஒருவரைப் பற்றிப் படும் கவலை, அதனால் செய்யும் பராமரிப்பு. பழைய வட ஜெர்மன் பேச்சின் வழியாக வந்திருக்கலாமாம்.

செத்தவருக்குப் பராமரிப்பு எதற்கு என்று என்னை நானே தேற்றினேன். ஆனால் கடிதத்தின் திகதி ஐந்து நாள் பழையது.

அண்ணனின் மகளை அழைத்தேன்.

“அப்பாட்டக் குடு பிள்ளை.”

“நித்திரை, சித்தப்பா.”

“எழுப்பு.”

“எழுப்பக் கூடாதாம். நர்ஸ் சொன்னவா.”

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஆறு பத்துக்கு அவளே வீடியோவில் வந்தாள். கட்டிலில் அண்ணன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“என்னடா, எனக்கு இரங்கல் பூசை ஒப்புக்குடுத்தாச்சோ?” சொற்கள் குழறின.

“பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“வலது கை வேலை செய்யேல்ல. நாளுக்கு நாலு தரம் நகரசபை ஆக்கள் வீட்டை வந்து பாக்கினம். அக்காட்ட நீயே சொல்லு. சுத்தி வளைக்காத.”

அக்கா அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார், இருதய நோயாளி. இரவு முழுவதும் வசனத்தை மாற்றி மாற்றி அமைத்தேன்.

புதன் காலை முதல் வேலையாக ஐந்தரைக்கு அங்கே போனேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அண்ணைக்குப் பாரிசவாதம். உயிரோட இருக்கிறார். நேற்று என்னோட கதைச்சவர்.”

விளக்குமாறு கையிலேயே நின்றது. “எப்ப சீவன் போனது? மறைக்காமல் சொல்லு.”

நோர்வேயில் அப்போது இரவு இரண்டு மணி. அழைத்துக் காட்ட வழியில்லை. ஒரு கதிரையை எடுத்துவந்து அக்காவை இருத்தினேன்.