பட்டியலில் இல்லாத சொல்

பழவங்காடியில் ஹோட்டலுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போனால், எழுந்து வருவதற்குள் நாலைந்து பேராவது என் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். சாம்பார் வாளியோடு வருபவர் குனிகிறார். முன்பின் தெரியாத ஒருவர் இலைக்கு மேல் கையை நீட்டி "மதி" என்கிறார். மலையாளத்தில் அதற்குப் 'போதும்' என்று பொருள். திருவனந்தபுரத்துக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.

கல்லூரிப் பதிவேட்டில் நான் இந்துமதி, வகுப்பில் இந்து. மதி என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு மனிதர்கள் மட்டும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.டெக். படிக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஸ்ரீவராகத்தில் அத்தை வீட்டில் தங்கினேன். அங்கே வாசலைத் தாண்டி மலையாளம் உள்ளே வராது. சாப்பாட்டில் "போறும்" என்றுதான் கை காட்டுவார்கள். ஆகவே பஸ்ஸிலும் வகுப்பிலும் காதில் விழுந்த மலையாளத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியலிட்டேன். வெள்ளம் என்றால் தண்ணீர். பனி என்றால் காய்ச்சல். சம்சாரம் என்றால் பேச்சு. ஐந்து வாரத்தில் பதினொரு சொற்கள், எல்லாம் தமிழைப் போலவே இருந்து காலை வாரிவிடக் கூடியவை.

அந்த ஐந்தாவது வாரத்தில் என் செமினார் வந்தது. ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து, வகுப்பின் முன் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். நன்றாகப் பேசும் இருவரைப் பேராசிரியர் தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வார். அதில் இடம் கிடைக்காவிட்டால் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பா போட்ட நிபந்தனை. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிப்பது பற்றிய கட்டுரை எனக்கு வந்தது. ஆறு குறிப்புகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் பிரித்தேன். ஏழாவது, கட்டுரையில் இல்லாத என் சொந்தக் கவனிப்பு. நேரம் போதாதென்று அதை அடித்துவிட்டேன்.

ஆறாவதை முடிக்கும்வரை குரல் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பின்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் தலையைத் தூக்கி, மெதுவாக "மதி" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் கூடம் கண்முன் வந்துவிட்டது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மதி, மேலே சொல்லு" என்று பாடம் கேட்கும் குரல். இவருக்கு என் வீட்டுப் பெயர் எப்படித் தெரியும் என்றுகூட யோசிக்கவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது. அடித்து வைத்திருந்த ஏழாவதைச் சொல்லத் தொடங்கினேன்: என் டிரங்குப் பெட்டியின் பூட்டு திருநெல்வேலியில் எட்டு வருடம் பளபளவென்று இருந்தது, இங்கே ஐந்து வாரத்தில், அதுவும் ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும், சிவந்துவிட்டது.

"மதி, மதி!"

எனக்கு உற்சாகம் கூடியது. கரும்பலகையில் பூட்டை வரைந்தேன்.

"எந்தா குட்டீ, ஞான் பறஞ்ஞது கேட்டில்லே?"

சொன்னது கேட்கவில்லையா என்கிறார் என்று புரிந்தது. ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. "கேட்டது சார். நீங்க கூப்பிட்டேள், அதான் சொல்லிண்டிருக்கேன்."

முன்பெஞ்சிலிருந்த என் தோழி லதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ இந்து, மதின்னா போதும்னாணு! சார் நிறுத்தச் சொல்லியாக்கும்!"

"ஆத்துல என்னை மதின்னுதான் கூப்பிடுவா," என்றேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் நாலு நிமிடம் கூடுதலாக எடுத்ததற்கு மார்க்கைக் குறைத்தார். பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்து, கரும்பலகையில் பூட்டை அழிக்கப் போனேன். வாசலில் அவர் திரும்பி நின்றார்.

"திங்களாழ்ச்ச ஆ பூட்டு கொண்டு வா. லேபில் நோக்காம்."

திங்கட்கிழமை கொண்டு வா, ஆய்வகத்தில் பார்க்கலாம் என்கிறார். பூட்டு இரண்டு மொழியிலும் பூட்டுதான். அதற்குப் பட்டியல் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பூட்டு இப்போதும் ஆய்வக அலமாரியில் இருக்கிறது; நானும் அதே ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன். போன விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். இரண்டாம் தடவை ரசம் விட அம்மா வந்தாள். நான் கையை நீட்டி, "மதி" என்றேன்.

அம்மா கரண்டியோடு நின்றாள். "என்னடி, உன்னையே நீ கூப்டுக்கறே?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று தெரிவதற்குள், ரசம் இலையில் விழுந்துவிட்டது.