மரமீனுக்குப் பின்னால்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில், அம்மாவும் சித்தியும் நானும் மொன்ட்ரியாலிலிருந்து நோர்வேக்கு, பேர்கன் நகரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம்.
2. அங்கே ஒரு மழைநாளில் துறைமுகக் கரையிலுள்ள பழைய மரவீடுகளைப் பார்க்கப் போனோம். எல்லோரும் மழைச்சட்டை போட்டிருந்தோம். சித்தி மட்டும் பட்டுச்சேலை கட்டியிருந்தார்.
3. அந்தக் கரைவீதியை நடந்து முடித்தோம். திரும்பி நடந்தோம். பிறகு முதலிலிருந்து மறுபடி நடந்தோம்.
4. சித்தி சொன்ன இடத்தில் நான் ஒளிந்து நின்றேன்.
5. முன்பின் தெரியாத ஒருவர் தன் வாஃபிளில் பாதிக்கு மேல் எனக்குத் தந்தார்.
6. அம்மா எனக்கு அடித்தார். அழுதது சித்தி.
7. பின்னேரம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு மாமா சாப்பிடவில்லை.

வேலையிடத்தில் ஒரு மென்பொருளில் பிழை வந்தால் நான் முதலில் இப்படித்தான் எழுதி வைப்பேன். அநேகமாக ஒழுங்கை எழுதி முடிக்கும்போதே காரணம் தெரிந்துவிடும். இந்த ஏழில் அப்படித் தெரியவில்லை. எட்டு வயதில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழு சம்பவங்களாக இருந்தன.

அப்போது நாங்கள் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தார். சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் அவருக்கு வேலை. வேலையால் வந்து குளித்துவிட்டு, தொலைபேசியோடு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சில் கதைப்பார். பனிக்காலத்தில்கூட, பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு. கண்ணாடிக் கதவைத் தாண்டி அவருடைய சிரிப்பு உள்ளே வரும். வீட்டுக்குள் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பல்கனியின் குணம் அது என்று நினைத்திருந்தேன்.

மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே நோர்வேக்குப் போனவர். "மாமாவைப் பாக்கப் போறம்" என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. பெட்டியில் முதலில் வைக்கப்பட்டது சித்தியின் பட்டுச்சேலை என்பது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை.

பேர்கன் துறைமுகக் கரையில் அந்த வீடுகள் சிவப்பும் கடுகு மஞ்சளும் வெள்ளையுமாக வரிசையில் நின்றன. முக்கோணக் கூரைகள். பஸ்ஸில் நித்திரையாகிப்போன ஆட்களைப்போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தது. ஒரு வீட்டு முகப்பிலிருந்து ஒற்றைக் கொம்புள்ள குதிரையின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீடுகளுக்கிடையில் பலகை பாவிய ஒடுக்கமான ஒழுங்கைகள், உள்ளே தார் மணம். எதிர்ப்பக்கத்தில் தண்ணீர், கப்பல்கள், குடையும் கமராவுமாய் உல்லாசப் பயணிகள்.

மாமா விளக்கம் சொன்னார். "முந்தி வெளிநாட்டு வியாபாரியள் இருந்த இடம். காய்ஞ்ச மீன் வித்தவை. எவ்வளவு குளிரெண்டாலும் இதுக்குள்ளை நெருப்பு மூட்ட விடமாட்டினமாம்."

இரண்டாம் முறை நடந்தபோதும் அதையே சொன்னார். ஆனால் அவருடைய கண் வீடுகளில் இல்லை, எதிரே வருகிற முகங்களில் இருந்தது. மூன்றாம் முறை புறப்பட்டபோது மாமி பொறுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த வெள்ளைக்காரன் எங்களைப் படமெடுக்கிறான். சாமி ஊர்வலமெண்டு நினைச்சிட்டான் போலை."

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நடவப்பா. பஸ் பிந்தியிருக்கும்," என்றார் மாமா.

யாருடைய பஸ் என்று நான் கேட்டேன். அம்மா என் தொப்பியைச் சரிசெய்தார்.

அது பெண்பார்த்தல் என்று இப்போது தெரியும். ஊரில் இதைக் கோயிலில் செய்வார்களாம். இரு வீட்டாரும் தற்செயலாகக் கண்டதுபோலக் கண்டு நாலு வார்த்தை கதைப்பார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாமென்று சொன்னதாக ஆகாது. பேர்கனில் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள் என்பதால், உல்லாசப் பயணிகளைத் தவிர வேறு யாரும் வராத இடமாக மாமா தேர்ந்தெடுத்திருந்தார். நாங்கள் ஒரு முனையிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டார் மறுமுனையிலிருந்தும் நடந்து வந்து, கொம்புக் குதிரைக்குக் கீழே ஆச்சரியப்பட வேண்டும். மாப்பிள்ளை படத்தைப் பார்த்தே ஓமென்று சொல்லிவிட்டார். நேரில் கண்டு கதைத்துவிட்டால் பிறகு நாள் வைப்பதுதான் பாக்கி, சித்தி பேர்கனிலேயே தங்கிவிடுவார். சித்தியின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அண்ணனுக்கு முன்னால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

என் சப்பாத்து நூலைக் கட்டிவிடுவதாகச் சொல்லி, சித்தி அந்தப் பட்டுச்சேலையோடு ஈர நிலத்தில் குந்தினார். நூல் அவிழ்ந்திருக்கவில்லை.

"குஞ்சு, ஒரு விளையாட்டு. அந்த ஒழுங்கைக்குள்ளாலை போனால் முடிவிலை ஒரு பெரிய மரமீன் நிக்குது, முதல்தரம் நடக்கேக்கை காட்டினனெல்லே. அதுக்குப் பின்னாலை போய் நில்லு. நான் வந்து கூப்பிடுமட்டும் வரப்படாது."

"அம்மா கூப்பிட்டால்?"

"அம்மா கூப்பிட்டாலும்."

"ஆர் வெல்லுறது?"

சித்தி கொஞ்சம் யோசித்தார். "நான் வெல்லவேணும் எண்டு நேந்துகொள்," என்றார்.

நான் போனேன். ஒழுங்கையின் முடிவில் ஒரு சிறிய முற்றம். அதன் நடுவே என்னைவிடப் பெரிதாக, மரத்தில் செதுக்கிய மீன் வாயைப் பிளந்தபடி இருந்தது. அதற்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். புதுச் சப்பாத்து, புது ஜாக்கெட். காற்சட்டையை நனையாமல் முழங்கால்வரை மடித்து விட்டிருந்தார். கையில் ஒரு கடதாசித் தட்டு. அதில், இதயங்களை ஒட்டவைத்ததுபோல ஒரு வாஃபிள்.

"தமிழோ?" என்றார்.

தலையாட்டினேன்.

"நானும் ஒளிச்சுத்தான் நிக்கிறன். அம்மா கூப்பிடுமட்டும் முன்னுக்கு வரவேண்டாமெண்டவ. நீங்கள் ஆரோடை வந்தனீங்கள்?"

"அம்மாவோடை, சித்தியோடை. மொன்ட்ரியாலிலை இருந்து."

அவர் சப்புவதை நிறுத்தினார். "அப்ப ஏன் தனிய?"

"இது விளையாட்டு. சித்தி வந்து கூப்பிடுமட்டும் போகேலாது. அம்மா கூப்பிட்டாலும் போகேலாது."

"சித்தியோ சொன்னவ?"

"ஓம். சித்தி வெல்லவேணும்."

அவர் வாஃபிளைப் பிய்த்துப் பெரிய துண்டை எனக்கு நீட்டினார். அதன்மேல் மண்ணிறத்தில் ஒரு சீஸ் இருந்தது. இனித்தது. சீஸ் ஏன் இனிக்கிறது என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்ததைக் கேட்டார்.

"உங்கடை சித்தி, போட்டோவிலை சிரிக்கிற மாதிரித்தான் சிரிப்பாவோ?"

சித்தியின் படம் இவரிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. கேள்விக்குச் சரியான பதில் சொல்வதில்தான் என் கவனம்.

"இல்லை. போட்டோவிலை பல்லு மட்டும்தான். டெலிபோனிலைதான் வடிவாச் சிரிப்பா."

"டெலிபோனிலையோ? ஆரோடை?"

"தெரியாது. பிரெஞ்சு ஆள். பல்கனிக் கதவைச் சாத்திப்போட்டுக் கதைப்பா."

அவர் மீனைப் பார்த்தார். "இதுக்கு வாய் இவ்வளவு பெரிசாத் திறந்திருக்கு," என்றார். "பாவம், ஒண்டும் சொல்லேலாது."

அப்போது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. சாதாரணக் கூப்பிடுதல் இல்லை. நான் அசைந்தேன், பிறகு விளையாட்டு ஞாபகம் வந்து நின்றேன். ஒழுங்கையின் அந்த முனையில் கரைவீதி ஒரு வெளிச்சக் கீற்றாகத் தெரிந்தது. அந்தக் கீற்றுக்குள் சித்தி வந்தார். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார், கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. எங்கள் பக்கம் திரும்பாமலே கடந்து போனார். சற்று நேரத்தில் மறுபடி, மற்றப் பக்கம் கடந்து போனார். அதற்குப் பிறகு அங்கே யாருமில்லை. ஆனாலும் என் பக்கத்தில் நின்றவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாஃபிள் முடிந்துவிட்டதால் எனக்கு அலுப்பாக இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "இப்ப போங்கோ. அம்மா பாவம். என்னைக் கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சித்திக்கும் சொல்லாதேங்கோ."

"சித்தி இன்னும் வந்து கூப்பிடேல்லையே?"

"சித்தி வெண்டிட்டா," என்றார்.

நான் வெளியே வந்தபோது மாமா கரையின் விளிம்பில் குப்புறப் படுத்து, சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரர் கயிற்றோடு ஓடிவந்தார். அம்மா என்னைக் கண்டதும் அடித்தார், பிறகு மூச்சு முட்டக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சித்தி விம்மி விம்மி அழுதார். "தண்ணியை நினைக்கேல்லை, தண்ணியை நான் நினைக்கேல்லை," என்றார். அடி வாங்கியவள் நான், இவர் ஏன் அழுகிறார் என்று பார்த்தேன்.

கொம்புக் குதிரைக்குக் கீழே ஒரு அம்மா குடையோடு வந்து நின்றார். நிலைமை அவருக்கு விளங்கவில்லைபோலும். பாடமாக்கி வந்ததைச் சொன்னார்: "அட, நீங்களோ!"

"ஓம், நாங்கள்தான்," என்றார் மாமி. "பிள்ளையைத் துலைச்சுப்போட்டு நிக்கிறம்."

அந்த அம்மாவுக்குப் பின்னால், வேறொரு ஒழுங்கையிலிருந்து என் வாஃபிள்காரர் வந்தார். காற்சட்டை இறக்கி விடப்பட்டிருந்தது. மாமாவுக்குக் கைகொடுத்தார். சித்தி நின்ற பக்கம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அது எனக்கு மிகவும் மனவருத்தமாக இருந்தது. "அம்மா, பஸ் வரப்போகுது," என்று சொல்லி, அந்த அம்மாவின் குடையைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் மாமா வீட்டில் தொலைபேசி அடித்தது. மாமா கேட்டுவிட்டு மெல்ல வைத்தார்.

"மாப்பிள்ளைத் தம்பிக்கு விருப்பமில்லையாம். ஏறெடுத்தும் பாக்காமல் சொல்லுறார். பெரிய எடுப்பு!"

அம்மா என்னைப் பார்த்தார். பிள்ளை தொலைந்த அபசகுனம் என்று மாமி சொல்ல, மாமா அதற்கும் சத்தம் போட்டார். நான் சித்தியைத் தேடிப் போனேன். குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"சித்தி, நீங்கள் வெண்டிட்டீங்கள்," என்றேன்.

"ஓம் குஞ்சு, வெண்டிட்டன்." சிரிக்கப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒட்டியிருந்த பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டினார். "ஆனாலும் ஒருக்காலெண்டாலும் நிமிர்ந்து பாத்திருக்கலாமெல்லே? எனக்கு என்ன குறை?"

வென்றவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போதைய நிலை இதுதான். பல்கனித் தொலைபேசியில் இருந்தவர் சித்தி வேலைசெய்த கார்டெரியின் சமையற்காரர், ஹெய்ட்டியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. சித்தி அவரைத்தான் கலியாணம் செய்தார். மாமா கலியாணத்துக்கு வரவில்லை, முதல் பிள்ளை பிறந்த பிறகு வந்தார். அவர்கள் மொன்ட்ரியாலிலேயே, ரொக்ஸ்பரோவில் இருக்கிறார்கள், வீட்டில் எல்லோரும் உரத்துச் சிரிக்கிறார்கள். சித்தி தன் பக்கக் கதை முழுவதையும் எனக்குச் சொல்லிவிட்டார். என்னிடம் இருக்கும் பக்கத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னால், பல்கனிக் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பேர்கன்காரர் பிறகு என்ன ஆனார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

விருந்துகளில் சித்தி கொஞ்சம் பெருமையாக ஏதும் கதைத்தால், "நோர்வே மாப்பிள்ளை பாக்காமலே வேண்டாமெண்ட ஆளெல்லே நீ," என்று அம்மா இன்றும் சீண்டுவார். சித்தியும் சிரிப்பார். அப்போது பல் மட்டும்தான் தெரியும்.

அந்த வாஃபிள்காரர் பார்த்தார். அதை நான் இன்னும் சித்திக்குச் சொல்லவில்லை.