பூட்டிய ஆலயத்துக்குப் போன அரிசி

இதை எழுதலாமா கூடாதா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். காணிக்கை விஷயம்; ஒரு சொல் பிசகினால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெடும். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். ஜெபித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கொரோனாவில் ஊர் அடைத்தபோது நான் எட்டாம் வகுப்பு. அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸை மூடிவிட்டார்கள். எங்கள் நிலத்து மக்காச்சோளத்தை வாங்க வியாபாரி வரவில்லை. மூட்டைகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. ரேஷன் அரிசி மாதக் கடைசி வரை எட்டாது. ஆனாலும் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவதை அம்மா நிறுத்தவில்லை. வாராவாரம் வந்து அதை வாங்கிப் போகிறவர் கோயில்பிள்ளை. ஆலயத்தில் மணி அடிப்பவரும் அவர்தான். ஆலயம் பூட்டியதிலிருந்து அவர் வரவே இல்லை. காணிக்கைப் பானை நிறைந்தது. எங்கள் அரிசி டப்பா காலியானது.

"ஏட்டி, அதைப் பொங்குனாத்தான் என்ன? கர்த்தர் வந்து அளந்தா பாக்கப் போறாரு?" என்றார் அப்பா.

"அவரு அளக்க மாட்டாரு. எனக்குத் தெரியும்லா?" என்றாள் அம்மா.

பிறகு மக்காச்சோளத்தைக் கொட்டி, பூஞ்சணம் பிடித்த மணிகளைப் பொறுக்கி எறிந்து, மீதியை உடைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கோழித் தீவனத்துக்குப் போக வேண்டிய சோளம் அது. "கொக்கரக்கோன்னு கூவிட்டுக் குடி" என்று அப்பா என்னிடம் தம்ளரை நீட்டினார்.

ஒருநாள் கோயில்பிள்ளை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் போனார். அம்மா வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி! காணிக்கையை எடுக்காமப் போறிய?"

"கோயிலே பூட்டிக் கெடக்கு தங்கச்சி. எங்க கொண்டு சேக்க?"

"சேக்குறது உங்க பாடு. வண்டு விழுந்தா அந்தப் பாவம் எனக்குல்லா!"

அரிசியைச் சுளகில் புடைத்து, வண்டு பார்த்து, பையில் கட்டிச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் சுவரருகே வந்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

அரிசி நிஜமாகவே ஆலயத்துக்குத்தான் போனதா என்று பார்த்துவிட நினைத்தேன். மறுநாள் ஆலயத்து ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தேன். பீடத்தருகில் பை இல்லை. மூலைகளிலும் இல்லை. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"எம்மா, காணிக்கை அரிசியை அவிய களவாண்டுட்டாவ! தெருவுல எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்!"

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வாயைத் தொறந்த, பல்லு இருக்காது. சேர வேண்டிய எடத்துலதான் சேந்துருக்கு."

ஆலயம் பூட்டினால் காணிக்கை இல்லை, காணிக்கை இல்லாவிட்டால் மணி அடிப்பவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆலயத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். அம்மா தர்மம் கொடுத்தாள் என்று மாற்றிவிடாதீர்கள். அவர் கேட்கவும் இல்லை, அவள் தர்மம் கொடுக்கவும் இல்லை. காணிக்கை அரிசியைக் கோயில்பிள்ளை வாங்கிப் போனார், அவ்வளவுதான்.